துளை போடுவதற்கு முன்

"டேப்பு டேப்புதான், தங்கச்சி. காட்டுல ஒரு கொப்பு உரசினா போதும், பிச்சிக்கிட்டுப் போயிடும்."

"துளை போட்டா?"

"துளை போட்டா வண்டி இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். ஆனா போட்டது போட்டதுதான். நாளைக்கு வந்து, அண்ணே அடைச்சுக் குடுங்கன்னு நிக்கக்கூடாது. நான் என்ன பல் டாக்டரா?"

குமுதா சிரித்தாள். கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் ஐனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முதலாளி எந்த இடத்தில் வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பார் என்பது தெரியும். அவளும் கூடவே சிரித்துவிட்டு மறுபடி கைப்பேசியில் குனிந்துகொண்டாள்.

அர்ஜுனன் அட்டையில் வெட்டிய அச்சு ஒன்றை முன்சக்கரத்தின் மேல்வளைவில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பினாங்கின் பாயான் பாருவில் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் கடைசிப் பட்டறை அவருடையது. காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய சாமான்களை விற்பார், அங்கேயே பொருத்தியும் கொடுப்பார். சனிக்கிழமை காலை என்பதால் இன்னும் கூட்டம் வரவில்லை. உள்ளே நின்றது ஒரே வண்டிதான். பாண்டான் இலைப் பச்சையில் ஒரு பழைய ஜிம்னி ஜீப்.

அதன் டயர்கள் உடம்பைவிட அகலம். நான்கு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அப்படி வெளியே நிற்கும் டயரை மூடுவதற்காகச் சக்கரத்துக்கு மேலே புருவம்போல ஒரு கறுப்புப் பட்டையைப் பொருத்துவார்கள். அதற்குத்தான் ஃப்ளேர் என்று பெயர். அது இல்லாத வண்டி மழையில் போனால் கதவு முழுக்கச் சேறு தெறிக்கும். போலீஸ்காரர்கள் சாலையில் நிறுத்திப் பார்த்தால் சம்மனும் கொடுப்பார்கள். இரண்டு மழைக்காலம் முழுக்க அந்தச் சேற்றைக் குமுதா கழுவியிருக்கிறாள்.

வண்டி அவளுடையது இல்லை.

அதன் சொந்தக்காரன் வயிரவன், ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வேலைக்குப் போவதற்கு முந்தைய மாதம் இந்த டயர்களைப் போட்டான். ஃப்ளேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். போகும்போது சாவியைக் குமுதாவிடம் கொடுத்தான். "எங்க வீட்டுல நிறுத்த இடமில்லலா," என்றான். அது உண்மைதான். பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் அஞ்சடி அகல நடைபாதை, அதைத் தாண்டினால் சாலை. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் கீழே நிறுத்துமிடம் இருந்தது. இடம் இருந்ததால்தான் அவன் தன்னிடம் விட்டுவிட்டுப் போனான் என்று அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

ஞாயிறுதோறும் எஞ்சினை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று சொல்லியிருந்தான். அவள் தவறவிட்டதே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில் எப்போதும் ஒரு தடிமனான மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். பெயர் வாயில் நுழையாத ஊர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் காயும் கம்பளிக் காலுறைகள், உறைந்துபோன ஏரியின் மேல் நடந்து போகும் ஆட்கள். கண்ணாடிக்கு வெளியே வெயில் சிமெண்டுத் தரையை வறுத்துக்கொண்டிருக்கும். ஏர்கான் காற்றில் அவள் விரல் நுனி சில்லிட்டுப்போனால், அந்த ஏரியில் தானும் கொஞ்சம் நடந்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்வாள்.

ஆயுத பூஜைக்கும் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். குருக்கள் தட்டோடு வந்து பெயர், நட்சத்திரம் கேட்டார். "வயிரவன், பூசம்," என்றாள்.

"வீட்டுக்காரரா?"

"வண்டிக்காரர்."

குருக்கள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, பூச நட்சத்திரத்துக்குப் பூவைப் போட்டுவிட்டுப் போனார்.

போன வாரம் அவனிடமிருந்து செய்தி வந்தது. தீபாவளி வாழ்த்துக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் நடுவில் அவன் அதிகம் எழுதுகிறவன் இல்லை. அன்றைக்கு எழுதியிருந்தான். "குமு, அந்த ஃப்ளேரைப் போட்டுடேன். நீயே பாத்து எடு. சீக்கிரம் போட்டா நல்லது."

பாயான் லெப்பாஸில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில், சிப்புகளைச் சோதிக்கும் அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக்கூடாது. சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து அதைப் படித்தாள். வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலேயே நின்று மறுபடி படித்தாள். சீக்கிரம் என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். வண்டி தயாராக இருக்க வேண்டும் என்றால், வருகிறான்.

அன்று மாலையே அர்ஜுனனுக்கு ஃபோன் செய்து சொன்னாள். "வண்டிக்காரர் வர்றாருண்ணே. நல்லதா வேணும்." எது நல்லது என்பதும் அவளுக்குத் தெரியும். அகலமானது, சொரசொரப்பான கறுப்பு, விளிம்பில் பதித்த போல்ட்டுகளின் தலை வரிசையாகத் தெரிய வேண்டும். அது கையிருப்பில் இல்லை என்று அவர் தாய்லாந்திலிருந்து வரவழைத்தார். இப்போது அந்தப் பெரிய அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. நான்கு வளைவுகளும் பழைய துணி ஒன்றின் மேல் படுத்திருந்தன. பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அர்ஜுனன் எடுத்து வைத்த ஒல்லியான ஒரு ஜோடி. தொழிற்சாலையிலிருந்தே வந்ததுபோல, இருப்பதே தெரியாமல் இருந்தது.

"இந்தச் சின்னதுக்கு டேப்பே போதும்," என்றார் அர்ஜுனன். "கனம் இல்ல. வேணாம்னா உரிச்சிடலாம், தடமே தெரியாது. பெரிசுக்கு அது தாங்காது, துளை போட்டே ஆகணும். துளை போட்ட இடத்துல பெயிண்ட் அடிச்சு விடணும். இல்லன்னா நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒரே வருசத்துல துரு ஏறிடும்."

"பெரிசுதான்."

"சரி. அப்ப வண்டிக்காரருக்கு ஒரு ஃபோன் போடு."

"எதுக்குண்ணே?"

"என் பட்டறையில அது ஒரு கணக்கு. பாடியில துளை போடணும்னா வண்டி யாரு பேர்ல இருக்கோ அவங்க வாயால சரின்னு சொல்லணும். ஒரு தடவை ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரருக்குப் பிறந்தநாளு, போடுங்கன்னுச்சு. போட்டேன். மறுநாளு அந்த ஆளு வந்து நின்ன நிலையைப் பாக்கணுமே. அழுதுட்டாரு. அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்."

"இவர் அழமாட்டார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று அர்ஜுனன் துளைக்கருவிக்கு முனை தேடப் போனார்.

குமுதா வண்டியின் முன்பக்கமாகப் போய் நின்றாள். அது அவள் வழக்கமாக நிற்கும் இடம்.

பாலிக் பூலாவுக்குப் பின்னால் டுரியான் தோட்டங்களுக்கு ஏறும் மண்பாதைகளில் அவளும் வயிரவனும் நண்பர்களோடு போவார்கள். மழை அறுத்துவிட்ட இடங்களில் ஓட்டுகிறவனுக்குத் தன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒருவர் இறங்கி முன்னால் நடந்து, திரும்பி நின்று, கையால் வழி சொல்ல வேண்டும். விரல்களை மடக்கி மடக்கி அழைத்தால் வா. உள்ளங்கையைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திருப்பு. கையை முஷ்டியாக மடக்கித் தூக்கினால் நில். ஓட்டுகிறவன் பாதையைப் பார்க்கக்கூடாது, கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். பாதையைப் பார்த்தால் பயம் வரும் என்பான் வயிரவன்.

அவன் அப்படித்தான் பார்ப்பான். சேற்றுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, கண் இமைக்காமல், அவள் கைகளை. உலகத்தில் வேறு எதுவும் இல்லாததுபோல. மேடு ஏறி முடிந்ததும் அந்தப் பார்வை போய்விடும். இறங்கி டயரைப் பார்ப்பான், தண்ணீர் குடிப்பான், நண்பர்களோடு சத்தம் போட்டுப் பேசுவான். அவள் சேறு அப்பிய கால்சட்டையோடு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அடுத்த பள்ளம் எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

ஒருமுறை அப்படி ஒரு மேட்டில், எதிரே வந்த வண்டி ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அதில் இந்த அகல ஃப்ளேர் இருந்தது. "பாத்தியா? நம்ம வண்டிக்கும் அது மாதிரி போடணும்," என்றான் அவன். "போல்ட்டெல்லாம் தெரியணும். போட்டுட்டு கெரிக் பக்கம் அந்த ஆத்தைத் தாண்டணும்." நம்ம வண்டி என்று அவன் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்த ஆற்றின் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை. அவள் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

காணொளி அழைப்பு போட்டாள். பெர்த்திலும் பினாங்கிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டும். அவள் காலையில் தேநீர் குடிக்கும்போது அங்கேயும் காலை. இத்தனை தூரத்துக்கு அது ஒரு சலுகை என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

வயிரவன் எடுத்தான். காற்று அடித்தது. தலைமுடி வளர்ந்திருந்தது. பின்னால் புல்வெளியும், செங்கல் வைத்துக் கட்டிய ஒரு தாழ்ந்த வீடும்.

"என்ன குமு, காலையிலேயே. சனிக்கிழமை தூங்கமாட்டியா?"

"உன் வண்டிக்குப் புருவம் வைக்க வந்திருக்கேன். பாரு." கைப்பேசியைத் திருப்பி, தரையில் கிடந்த அகல வளைவுகளைக் காட்டினாள். பிறகு வண்டியை. பிறகு, தேவையில்லாமலேயே, கழுவித் துடைத்த கதவை. "அண்ணே துளை போடணுமாம். வண்டிக்காரர் சரின்னு சொல்லணுமாம். சொல்லு."

அவன் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான்.

"பக்கத்துல இருக்கே, சின்னது. அது என்ன?"

"அது டேப்புல ஒட்டறது. சும்மா காட்டறதுக்கு வச்சிருக்காரு."

"அதைப் போட்டுடு குமு. அது போதும்."

"நீதானே போல்ட் தெரியணும்னு சொன்ன?"

"நானா?" அவன் சிரித்தான். "எப்ப?"

"பாலிக் பூலாவ்ல."

"ஓ." ஞாபகம் வந்ததா இல்லையா என்பது அந்த ஓவில் தெரியவில்லை. "இல்லலா, டயரு வெளிய தெரியாம இருந்தா போதும். துளையெல்லாம் வேணாம். சோதனைக்குப் போகும்போது கேள்வி கேட்பாங்க."

"என்ன சோதனை? ரோட் டேக்ஸ் எடுத்தாச்சே."

"பேர் மாத்தறதுக்கு. நான் சொல்லலையா? சிம்பாங் அம்பாட்ல ஒருத்தர் கேட்கிறாரு. கணேஷோட வேலை செய்றவரு. காட்டுக்கெல்லாம் போறதில்ல, பிள்ளைய ஸ்கூல்ல விடத்தான். டயரு வெளிய நிக்கறதுதான் அவருக்கு யோசனை. ஃப்ளேர் போட்டா எடுத்துக்கிறேன்னாரு."

கணேஷ் அவன் அண்ணன். குமுதா கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பவில்லை. திரையில் அவனுக்குத் தெரிந்தது வண்டியின் கதவு மட்டும்தான். அது நல்லது என்று அவளுக்குப் பட்டது.

"குமு? கேட்குதா?"

"கேட்குது."

"உனக்கும் தொல்லைதானே. இவ்வளவு நாளு பாத்துக்கிட்ட. வேற யாரும் செஞ்சிருக்கமாட்டாங்க, நெசமாத்தான் சொல்றேன். அம்மாகூடச் சொன்னாங்க."

"தொல்லை இல்ல."

"இங்க வீடு பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பக்கூட ஒண்ணு பாக்கத்தான் வந்தேன், ஏஜெண்டுக்காக நிக்கிறேன். பாரு." அவன் தன் கைப்பேசியைத் திருப்பினான். தாழ்ந்த வீடு, ஒரு எலுமிச்சை மரம், வண்டி நிறுத்த அகலமான சிமெண்டுத் தளம். "இடம் இருக்குதா? பினாங்கு ஸ்திரீட் மாதிரி இல்ல."

"நல்லா இருக்கு," என்றாள் குமுதா. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. புத்தகத்தில் வரும் வீடு மாதிரி.

"ஏஜெண்டு வந்துட்டான். நீயே பாத்து முடிவு பண்ணுலா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ எடுத்தா சரியா இருக்கும்."

திரை அணைந்தது. புல்வெளி போனது. கறுப்புக் கண்ணாடியில் பட்டறைக் கூரையின் விளக்கும், அவள் முகத்தில் பாதியும் தெரிந்தன.

அர்ஜுனன் துளைக்கருவியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கேட்காத மாதிரி நிற்கத் தெரிந்தவர் இல்லை அவர். தலையைச் சொறிந்தார்.

"பெரிசைப் பத்திக் கவலைப்படாத, தங்கச்சி. அலோர் ஸ்டார்ல ஒருத்தன் இதையே கேட்டுக்கிட்டு இருக்கான். சின்னதை ஒட்டிடுவோம். நீ ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"பெரிசையே போடுங்கண்ணே."

"அவரு..."

"நீயே முடிவு பண்ணுன்னு சொன்னாரு. அவர் வாயால. நீங்களும் கேட்டிருப்பீங்க."

அதுவும் உண்மைதான். துளை போட்ட வண்டியை சிம்பாங் அம்பாட் ஆள் எடுக்கமாட்டான். சோதனையில் கேள்வி வரும். அடைக்க முடியாது, உரிக்க முடியாது. வண்டி அவளுடைய அடுக்குமாடியின் கீழேயே நிற்கும். ஞாயிறுதோறும் எஞ்சின் ஓடும். அடுத்த ஆயுத பூஜைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்.

அர்ஜுனன் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அகலமான வளைவை எடுத்து முன்சக்கரத்தின் மேல் பிடித்து, பென்சிலால் துளைகளின் இடத்தைக் குறித்தார். பச்சைத் தகட்டில் சின்னச் சின்ன வட்டங்கள். வளைவைக் கீழே வைத்துவிட்டுத் துளைக்கருவியைத் தூக்கினார். அது ஒருமுறை வெறும் காற்றில் சுழன்று பார்த்தது. ஐனா காதைப் பொத்திக்கொண்டாள்.

முனை முதல் வட்டத்தைத் தொடப்போன நேரத்தில் குமுதாவின் கை தானாக மேலே போனது. விரல்கள் மடங்கி, முஷ்டி உயர்ந்து நின்றது.

அர்ஜுனன் நின்றுவிட்டார். அவரும் காட்டுக்குப் போகிறவர்தான். அந்தக் கையைப் பார்த்த பிறகு யாரும் ஒரு விரல்கூட முன்னால் நகர மாட்டார்கள்.

சத்தம் அடங்கியது. குமுதா கையை இறக்கினாள்.

"அண்ணே, மாஸ்கிங் டேப் இருக்குதா? பெயிண்ட் அடிக்கிறப்ப ஒட்டுவீங்களே, அது."

"இருக்கு. எதுக்கு?"

"பெரிசை அதால ஒட்டி நிறுத்த முடியுமா? நாலையும். கொஞ்ச நேரத்துக்கு."

"அது நிக்காதே, தங்கச்சி. பேப்பர் டேப்பு. வெயில் பட்டா விழுந்திடும்."

"வண்டியை நகர்த்தமாட்டேன். பாக்கணும், அவ்வளவுதான்."

"கல்யாணத்துக்கு முன்னால பொண்ணுக்கு நகையைப் போட்டுப் பாத்துட்டுக் கடையில திருப்பிக் குடுக்கிற கதையா இருக்கு," என்று முணுமுணுத்தார் அர்ஜுனன். ஆனால் டேப்பை எடுத்துவந்தார். ஐனாவையும் கூப்பிட்டார். அவள் எதற்கென்று கேட்காமல் வந்து வளைவின் மறுமுனையைப் பிடித்தாள். ஒன்று சரிந்து அர்ஜுனனின் காலில் விழுந்தது. அவர் அதை மலாய், தமிழ் இரண்டிலும் திட்டினார். உள்பக்கமாக, வெளியே தெரியாமல், டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினார்கள். கடைசியில் நான்கும் நின்றன.

குமுதா பின்னால் நடந்து போய்ப் பட்டறை வாசலில் திரும்பி நின்று பார்த்தாள்.

டயர்கள் உள்ளே அடங்கியிருந்தன. வண்டி தோள்களை விரித்துக்கொண்டு தாழ்ந்து நின்றது. போல்ட்டுத் தலைகள் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை நாளும் அது எதற்காகவோ காத்திருந்து அந்தப் பொருள் வந்து சேர்ந்துவிட்டது போலிருந்தது. இப்போதே இறங்கி ஓர் ஆற்றைக் கடந்துவிடும். தண்ணீர் கதவின் பாதி வரை ஏறும், கண்ணாடி வழியே அக்கரை தெரியும்.

"அழகாத்தான் இருக்கு," என்றார் அர்ஜுனன் பக்கத்தில் வந்து. "அந்த அலோர் ஸ்டார்காரன் இதுக்கு லாயக்கில்ல." பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "நான் சாப்பிட நாசி கண்டார் வாங்கப் போறேன். வந்ததும் சொல்லு, எதை ஒட்டணும்னு. உனக்கும் வாங்கிக்கிட்டு வரவா?"

"வேணாம்ணே."

அவர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். குமுதா ஒரு படம் எடுத்து வயிரவனுக்கு அனுப்பினாள். அவன் அந்த வீட்டுக்குள் அறை அறையாக நடந்துகொண்டிருப்பான். பின்சக்கரத்தின் மேல் ஒரு டேப்பு மெல்ல உரிய ஆரம்பித்திருந்தது. வாசல் வெயில் வண்டியின் பின்பக்கம் வரை வந்துவிட்டது. அவள் போய் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுகையில் கைப்பேசியை வாயருகே கொண்டுவந்து, குரல் பதிவுக்கான பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"வயிரவா, படத்தைப் பாரு. துளை போடல, பயப்படாத. சின்னதையே ஒட்டச் சொல்றேன், டயரு வெளிய தெரியாது, அவர் எடுத்துக்குவாரு." எங்கோ ஒரு பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆனா பேர் மாத்தறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை வா. கெரிக் பக்கம் அந்த ஆறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ ஓட்டு. நான் முன்னால நின்னு கை காட்டுறேன். வர்றியா?"